பதினாலாம் பக்கத்து வாசகர்

லீவு விட்டால் போதும், நம் ஊரில் புதிது புதிதாக வாசகர்கள் பூத்துவிடுகிறார்கள். வருஷம் முழுக்க பஸ் டிக்கெட்டையும் கல்யாணப் பத்திரிகையையும் தவிர வேறெதையும் வாசித்தறியாதவர்கள், மார்கழி பிறந்து, பிள்ளைகளுக்கு அரைப்பரீட்சை முடிந்து, ஆபீசில் நாலு நாள் லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று என்றால், "இந்தத் தடவை ஒரே படிப்புதான்" என்று நடுவீட்டில் நின்று அறிவிக்கிறார்கள். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. கோலத்தின் நடுவே வைக்கிற பூசணிப் பூவைப்போலக் காலையில் மலர்ந்து மதியத்துக்குள் தலை சாய்ந்துவிடுகிற இந்த இனத்துக்கு நான் ஒரு பெயர் வைத்திருக்கிறேன். பதினாலாம் பக்கத்து வாசகர். பதினாலு வரைக்கும் படிப்பார். பதினைந்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் உள்ள விஷயம். ஆண்டவனுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். முதலில் இடம் பார்ப்பார். காற்று வரவேண்டும், வெளிச்சம் வரவேண்டும், ஆனால் வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாது. அடுக்களையிலிருந்து தாளிக்கிற வாசம் வரவேண்டும், ஆனால் "தேங்காய் தீர்ந்துபோச்சு" என்கிற குரல் வரக் கூடாது. இப்படியொரு இடத்தைக் கண்டுபிடித்துச் சாய்வு நாற்காலியைப் போடுவதற்குள் லீவில் ஒரு நாள் போய்விடும். அப்புறம் தலைக்கு ஒரு தலையணை, இடுப்புக்கு ஒரு தலையணை, பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலியின் மேல் வாசிப்புக்கு வேண்டிய சாமான்கள்: ஒரு தட்டில் முந்திரிக்கொத்து, ஒரு தட்டில் கைமுறுக்கு, டவுணிலிருந்து வாங்கி வந்த அல்வா, கிறிஸ்துமஸுக்கு அடுத்த தெருவிலிருந்து வந்த அச்சு முறுக்கு, ஒரு செம்புத் தண்ணீர். எல்லாம் சரி, புத்தகம் எங்கே? அதைத்தான் மறந்துவிட்டார்.

"ஏளா, அந்தப் புஸ்தகத்த எடு!"

புத்தகம் வந்ததும் முன்னட்டையைப் பார்ப்பார். பின்னட்டையைப் பார்ப்பார். எந்த அச்சகம், எந்த வருஷம், எத்தனையாம் பதிப்பு என்று பார்ப்பார். ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டு முதல் பக்கத்தைப் படிப்பார். இரண்டாம் பக்கத்தில் அல்வா ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்க ஒரு துணி கேட்பார். மூன்றாம் பக்கத்தில் காப்பி. இப்படியே நிதானமாகப் பதினாலுக்கு வந்து சேரும்போது இலை போட்டாயிற்று என்று குரல் வரும்.

சாப்பாட்டுக்குப் பிறகு நடப்பதுதான் உண்மையான வாசிப்பு. புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடிப்பார். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். கடைசியில் கோழி முட்டையின் மேல் உட்காருகிற மாதிரி, கவிழ்ந்து, இரண்டு சிறகையும் விரித்து, அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு மணி நேரம் அடைகாக்கும். எதுவும் பொரிந்ததாகத் தகவல் இல்லை.

தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். புத்தகத்தைத் தொட்டுப் பாருங்கள்.

"நான் படிச்சிட்டுலா இருக்கேன்!"

"கண்ண மூடிக்கிட்டா?"

"படிச்சத யோசிச்சிட்டு இருக்கேன்."

இவ்வளவும் நான் கேள்விப்பட்டு எழுதவில்லை, கண்ணால் பார்த்தது. ஒரே வாசலுக்குள் ஆறு வீடு இருக்கிற எங்கள் வளவில், எனக்குப் பக்கத்து வீடு வைத்தியலிங்கம் அண்ணாச்சி. ஓர் ஆபீசில் தலைமை எழுத்தர். நெற்றி நிறையத் திருநீறு. மார்கழி முப்பது நாளும் விடியுமுன் நெல்லையப்பர் கோயிலில் நிற்பார். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு குறை சொல்ல முடியாத மனுஷர். லீவு எடுக்காத வரைக்கும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் கிறிஸ்துமஸிலிருந்து புது வருஷம் வரைக்கும் லீவு எடுத்தார். ஆபீசில் யாரிடமோ மூன்று கனமான புத்தகங்களை இரவல் வாங்கி, மஞ்சள் பையில் போட்டு, பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்தார். மூன்றையும் ஒரே நாளில் கைவிட்டார். ஏன்? நெஞ்சில் வைத்தால் மூச்சு முட்டுகிறதாம்.

அதற்கு மேல்தான் வினை. இலேசான புத்தகம் தேடி வீட்டைச் சுற்றியவர் கண்ணில், அடுக்களையில் அரிசி டின்னில் சாய்த்து வைத்திருந்த நாவல் பட்டது. அது அவர் மனைவி பிரம்மநாயகி படித்துக்கொண்டிருந்தது.

நிஜமான வாசகர் யாரென்றால் அந்த வீட்டில் நாயகிதான். அவளுக்கு லீவும் கிடையாது, சாய்வு நாற்காலியும் கிடையாது. உலை கொதிக்கிற நேரத்தில் ஒரு பக்கம், குக்கர் சத்தத்துக்குக் காத்திருக்கும்போது ஒரு பக்கம், பால் பொங்குவதற்குள் அரைப்பக்கம். சில நாள் பால் முந்திக்கொள்ளும். அவள் வீட்டில் ஏதாவது தீய்ந்து வாசம் வந்தால் கதை நல்ல இடத்துக்கு வந்துவிட்டது என்று வளவில் எங்களுக்கெல்லாம் தெரிந்துபோகும்.

புத்தகம் கொண்டுவருகிறவன் பாக்கியசீலன். சைக்கிளில் இரண்டு பக்கமும் பை தொங்கப் போட்டு, வீடு வீடாக நாவல்களும் வார இதழ்களும் மாற்றிக் கொடுக்கிறவன். வியாழக்கிழமை நாலு மணிக்கு எங்கள் வளவில் மணி அடிப்பான். அன்றைக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் முறை கெட்டுப்போகும் என்று ஒரே பிடியாக நிற்பான். கொடுத்துவிட்டாலோ, அந்தப் புத்தகம் நாலு தெரு சுற்றித் திரும்ப இரண்டு மாதம்.

இந்த நாவலில் மேகலா என்று ஒரு சின்ன மருமகள். மாமியாரின் அட்டிகை காணாமல் போகிறது, பழி அவள் மேல் விழுகிறது, புருஷனும் நம்பவில்லை. நாயகி கடைசி இரண்டு அத்தியாயங்களுக்கு வந்துவிட்டாள். மேகலாவுக்காகக் காந்திமதி அம்மன் சந்நிதியில் அர்ச்சனைக்குக் கொடுத்திருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அர்ச்சகர் பெயர் கேட்டார், மேகலா என்றாள். நட்சத்திரம் கேட்டார். அதை எழுதினவர் எங்கே எழுதியிருக்கிறார்? கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டாள். என்னை அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுகிறவள் அவள்; என்னிடம் இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க மைனி. கதையோ நெசமோ, ஒரு பொம்பளப்புள்ள மேல அபாண்டம் விழுந்திருக்குலா. தீராம எப்படித் தூங்க?"

அந்தப் புத்தகத்தைத்தான் அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் ஏற்றினார். "நல்லாருக்குளா, கனமே இல்ல" என்றார். பாவம், லீவு மனுஷர், ஒரு நாளில் முடித்துவிடுவார் என்று நாயகி நினைத்தாள். திங்கள் பதினாலாம் பக்கம். செவ்வாய் பதினாலாம் பக்கம். சாப்பிடும்போது தொடைக்கடியில் வைத்துக்கொள்வார். கோயிலுக்குப் போகும்போது பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு போவார். "எடுத்துராத. எங்க விட்டேன்னு தெரியாமப் போயிரும்" என்பார். அது தெரியாதவர் வளவில் அவர் ஒருவர்தான்.

புதன்கிழமை மதியம் அவள் ஒரு முயற்சி செய்தாள். அண்ணாச்சி அடைகாத்துக்கொண்டிருந்தபோது பூனைபோலப் பைய வந்து, நாவலை உருவி, அந்த இடத்தில் பஞ்சாங்கத்தை வைத்துப் பார்த்தாள். பஞ்சாங்கம் எடை போதவில்லை. சட்டென்று கண் திறந்துவிட்டது.

"ஏளா, என்ன பண்ணுத?"

"ஈ... ஈ உக்காந்துச்சுங்க."

"ஈ உக்காந்தா உக்காந்துட்டுப் போகுது. நானே இப்பம்தான் கதைக்குள்ள போனேன்."

வியாழக்கிழமை காலையில் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே என்னிடம் வந்து நின்றாள்.

"மைனி, நாலு மணிக்குப் பாக்கியசீலன் வந்துருவான். அடுத்த முறை லில்லி டீச்சருக்கு, ரெண்டு வாரமா கேட்டுட்டு இருக்காவளாம், இன்னைக்குக் கொடுத்தே ஆகணும்னு சொல்லிட்டான். மேகலா கதி என்னன்னு தெரியாமலே போயிரும்போல."

"அண்ணாச்சிகிட்ட வாய் விட்டுத்தான் கேளேன்."

"கேட்டாச்சு. 'இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, முடிச்சிட்டுத் தாரேன்'ங்காவ. எரநூறு பக்கம் மைனி! பதினாலுல இருந்துகிட்டுக் கொஞ்சம்தான் இருக்குங்காவ." ஈரத் துணியை உதறினாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இன்னைக்குச் சொதி வைக்கப் போறேன்."

சொதி நம் பக்கத்துப் பெருமை. தேங்காயில் மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, இரண்டாம் பாலை விட்டுக் கொதிக்கவைத்து, முதல் பாலை ஊற்றி நுரை கட்டுமுன் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்தால், அதற்குப் பிறகு உலகத்தில் யாரோடும் சண்டை போடத் தோன்றாது. மறுவீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை வீட்டாருக்கு நம்மவர்கள் சொதி போடுவதே அதற்காகத்தானோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு. குறை சொல்ல வந்த சம்பந்தியம்மாள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பாள். அவ்வளவு கனம். அதனால்தான் பெரியவர்கள் இலையின் ஓரத்தில் இஞ்சிப் பச்சடி வைத்தார்கள். சொதி ஆளை அமுக்கும்; இஞ்சி தூக்கிவிடும். சொதி வைத்தால் பச்சடியும் வைக்கவேண்டும். அது சட்டம்.

"இஞ்சி இருக்கா? என்கிட்ட ஒரு துண்டு கெடக்கு" என்றேன்.

"வேண்டாம் மைனி" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் இஞ்சி வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பன்னிரண்டரைக்கு இலை போட்டாள். அண்ணாச்சி புத்தகத்தைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கவளத்திலேயே முகம் மலர்ந்துவிட்டது.

"ஏளா, என்ன விசேஷம்? கல்யாண வீட்டுச் சொதியால்லா இருக்கு!" இலையின் ஓரத்தைத் துழாவினார். "இஞ்சிப் பச்சடி எங்க?"

"கடையில இஞ்சியெல்லாம் காஞ்சு கெடந்துதுங்க."

மார்கழி மாசத்தில், அதுவும் சாப்பிடுகிறவரிடம் பொய். உள்ளே போய்ப் படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்ட கையாலேயே கரண்டியை எடுத்து வந்து இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள். அவர் மறுக்கவில்லை. மூன்றாம் முறை அவரே கேட்டார்.

ஒன்றரைக்கு நாற்காலி. ஒன்று முப்பத்தைந்துக்குப் புத்தகம் இறங்கிற்று. ஒன்று நாற்பதுக்குக் குறட்டை. அன்றுவரை கேட்டது எல்லாம் டவுண் பஸ் என்றால், இது மலைப்பாதையில் ஏறுகிற லாரி. நாயகி சாப்பிட்டு, எச்சில் இலை எடுத்து, பாத்திரம் ஒழித்துப் போட்டுவிட்டு வந்து நாவலை உருவினாள். பஞ்சாங்கம்கூடத் தேவைப்படவில்லை. மனுஷர் அசையவில்லை. நடையில் நின்ற என்னைப் பார்த்து, தீபாராதனைத் தட்டை உயர்த்திக் காட்டுகிற மாதிரி புத்தகத்தை உயர்த்திக் காட்டினாள். மணி இரண்டேகால். நாற்பது பக்கம் பாக்கி. தாராளமாகப் போதும்.

நிம்மதியாக என் வீட்டுக்கு வந்து தேவாரம் படிக்க உட்கார்ந்தேன். எனக்கு வியாழக்கிழமை விரதம்; பால் பழத்தோடு சரி. அன்று விழித்திருந்து இதையெல்லாம் பார்த்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

நாலு மணிக்குச் சைக்கிள் மணி அடித்தது. "அக்கா! புக்கு!"

மறுபடி மணி. நானும் எழுந்து போனேன். வாசலில் பாக்கியசீலன் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மைனி, ரெண்டு பேரும் மும்முரமா படிக்காவபோல. கூப்பிடவா, வேண்டாமா?"

நாற்காலியில் அண்ணாச்சி. கீழே, சுவரில் சாய்ந்தபடி, காலை நீட்டி, நெஞ்சின் மேல் நாவலைக் கவிழ்த்துக்கொண்டு பிரம்மநாயகி.

அவளும்தானே சொதி சாப்பிட்டாள்! அதை யார் யோசித்தோம்? அவர் இலைக்கு எத்தனை கரண்டி, அவர் இலையில் பச்சடி இல்லை என்பதோடு எங்கள் யோசனை நின்றுபோனது. கடைசியில் உட்கார்ந்து, சட்டியில் மிஞ்சின சோற்றைப் போட்டுப் பிரட்டி, அடிச்சொதியில் பிசைந்து சாப்பிடுகிற ஒருத்தி இருக்கிறாள் என்பது அவளுக்கே நினைவில் இல்லை. எத்தனை பெரிய திட்டம் போட்டாலும் பெண்பிள்ளைகள் தங்கள் வாயைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

தோளைத் தொட்டேன். விழித்தாள். புத்தகத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், பாக்கியசீலனைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"எத்தன பக்கம் படிச்ச?" என்றேன்.

"நாலு" என்றாள். அழுகிற குரல்.

எழுந்து வாசலுக்குப் போனாள். "தம்பி, நீ இதப் படிச்சிருப்பேலா? அந்தப் புள்ள அட்டிகைய எடுக்கலைலா?"

"நானா?" பாக்கியசீலன் சிரித்தான். "நான் படிக்க ஒக்காந்தா சைக்கிள யாருக்கா மிதிக்க? எனக்கு அட்டையும் நம்பரும்தான் தெரியும்."

"நாளைக்கு வந்து வாங்கிக்கிடுதியா?"

"லில்லி டீச்சர் வாசல்லயே நிப்பாவ அக்கா. போன வாரமே ஏசிட்டாவ."

நாயகி புத்தகத்தை முந்தானையால் துடைத்துக் கொடுத்துவிட்டாள். அவனும் வாங்கிப் பையில் மேலாக வைத்தான். அவள் உள்ளே திரும்பினவள், என்ன தோன்றிற்றோ, நின்றாள்.

"மத்தியானம் சாப்பிட்டியா தம்பி?"

"எங்கக்கா! மேலப்பாளையத்துலருந்து சுத்திட்டு வாரேன். ஒரு டீ, ரெண்டு வடை."

"நாலு மணி வரைக்குமா? உக்காரு."

"நேரமாவுதுக்கா..."

"சொதி இருக்கு."

பாக்கியசீலன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான்.

கடவுள் சத்தியமாக, பசித்த வயிறு என்றுதான் அவள் போட்டிருப்பாள். அப்படித்தான் நான் நம்புகிறேன். இரண்டாவது தடவை கரண்டியை அடி வரைக்கும் விட்டுக் கலக்கி, கெட்டியாகப் பார்த்து ஊற்றினாளே, அது ஒன்றுதான் எனக்கு இடிக்கிறது. அந்தப் பையனோ கிறிஸ்துமஸ் வாரம் முழுக்கத் தெருத் தெருவாக அலைந்தவன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டான். கை கழுவினான். வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டான். பிறகு ஒரு பையைத் தலைக்கு வைத்து நடையிலேயே படுத்து, "அஞ்சே நிமிஷம் முதுகச் சாச்சுக்கிடுதேன்க்கா" என்றான்.

'அக்கா' சொல்லி முடிக்கவில்லை, தூங்கிப்போனான்.

நாயகி மற்றப் பையின் மேலிருந்த நாவலை எடுத்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை. சுவரில்கூடச் சாயவில்லை. முற்றத்து வெயிலில் செருப்பில்லாத காலோடு நின்று, உதடு அசைய அசையப் படித்தாள். உள்ளே ஒரு லாரி, வாசலில் ஒரு லாரி. நான் காக்கையை விரட்டிக்கொண்டு காவல் நின்றேன். வெயில் சுவரேறிவிட்டது. ஒரு தடவை "அடப்பாவி!" என்றாள். ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாள். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, அதையே இன்னொரு தடவை படித்துவிட்டு, மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அவ எடுக்கல மைனி."

"பொறவு யாரு எடுத்தா?"

"சொல்ல மாட்டேன். நீங்க படிக்கணும்லா."

புத்தகத்தை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுப் பாக்கியசீலனைக் காப்பியோடு எழுப்பினாள். மணி ஐந்தேகாலைப் பார்த்து அவன் காப்பியைக் குடித்தானா கொட்டினானா தெரியவில்லை, சைக்கிள் தெருமுனை திரும்பிவிட்டது.

அண்ணாச்சி ஐந்தரைக்கு எழுந்தார். கை நெஞ்சைத் தடவியது. மடியைத் தடவியது. நாற்காலிக்கு அடியில் பார்த்தது.

"ஏளா, நான் படிச்சிட்டிருந்த புஸ்தகம்?"

"பாக்கியசீலன் கொண்டுபோயிட்டாங்க. முறை முடிஞ்சுபோச்சு."

"அடடா! நல்ல இடமாப் பாத்துக் கொண்டுபோயிட்டானே!"

நாயகி அவருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். அதில் நிறைய இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்தது. "லீவுல நாலு புஸ்தகம் முடிச்சேன் வே" என்று அண்ணாச்சி பக்கத்து மேஜை திருஞானசம்பந்தத்திடம் சொன்னாராம். "நான் அஞ்சு" என்றாராம் திருஞானசம்பந்தம். என்ன புஸ்தகம் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரே இனத்துக்குள் அந்த மரியாதை உண்டு.

இதையெல்லாம் படித்து நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் பலகாரம் சுட்டிருப்பார்கள், மதியம் கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிட்டிருப்பீர்கள், காற்று வருகிற இடமாகப் பார்த்துத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்திருப்பீர்கள். நடுவில் ஓரிடத்தில் ஒரே வரியை இரண்டு தடவை படித்தீர்களே, அதை நான் யாரிடமும் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். கண் விழிக்கும்போது உங்கள் மூக்குக் கண்ணாடியை யாரோ கழற்றி, மடித்து, பத்திரமாக மேஜை மேல் வைத்ததாக இருந்தால் பதறி எழுந்துவிடாதீர்கள். கையில் இந்தப் புத்தகம் இருக்காது. அடுக்களைப் பக்கம் தாள் புரளுகிற சத்தம் கேட்கும். காப்பி கேட்காமல் இன்னும் அரைமணி நேரம் கண்ணை மூடியே கிடங்கள். அங்கே ஒருத்தி கடைசி அத்தியாயத்தில் இருக்கிறாள்.